ஜாபில் பெயர் போடுங்கள்!

தாத்தா செய்த தேக்குப் பெட்டி எங்கள் வீட்டில் இருக்கிறது. "எந்த வருஷம் செஞ்சது?" என்றால் அம்மாவுக்கே தெரியாது. கேட்கத் தாத்தாவும் இல்லை.

கார்பென்ட்ரி ஷாப்பில் நானும் தப்பு செய்தேன். ஜாபின் முகப்பில் பென்சிலால் ரோல் நம்பர். இழைப்புளி தள்ளியதும் சுருளோடு போச்சு!

கற்றுக்கொண்டது:

1. அடிப்பக்கத்திலோ டிராயருக்குள்ளோ எழுதுங்கள்.

2. உப்புத்தாள் தேய்த்த பிறகு, வார்னிஷுக்கு முன் எழுதுங்கள்.

3. பேனா மை வார்னிஷில் கலங்கலாம், பென்சில் நிற்கும். பஞ்ச் அடித்தால் இன்னும் உறுதி.

4. வருடத்தை நான்கு இலக்கத்தில் போடுங்கள்.

5. ஒட்டிய சீட்டை நம்பாதீர்கள். இத்தாலியின் ஸ்ட்ராடிவாரி தன் வயலின்களுக்குள் பெயரும் வருடமும் உள்ள சீட்டு ஒட்டினார். பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான மற்ற வயலின்களிலும் அதே பெயரில் சீட்டு ஏறியது!

இந்த லீவில் பெட்டியின் அடியில் தாத்தா பெயரை எழுதப்போகிறேன். வருடம் மட்டும் காலியாத்தான் இருக்கும்.