வகுப்பறையில் ராக்கெட் நேரலை: காணும் முன்னும் பின்னும்

பத்தாம் வகுப்பு அறிவியலின் முதல் அலகு ‘இயக்க விதிகள்’. நியூட்டனின் மூன்றாம் விதிக்கு எடுத்துக்காட்டாக அங்கே ராக்கெட் வருகிறது. எட்டாம் வகுப்பில் ‘அண்டம் மற்றும் விண்வெளி அறிவியல்’ பாடத்திலும் ராக்கெட் உண்டு. ஏவுதல் நாளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகத் திரையில் நேரலை காட்டுகிறோம். மாணவர்கள் கைதட்டுகிறார்கள், மணி அடிக்கிறது, கலைந்துவிடுகிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தை ஒரு முழுப் பாடமாக ஆக்கும் வழியை இங்கே பார்ப்போம்.

நம் ஊர் எடுத்துக்காட்டு

2024 ஆகஸ்ட் 24 அன்று காலை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள திருவிடந்தையிலிருந்து ‘ரூமி-1’ ஏவப்பட்டது. அடையாற்றிலிருந்து பேருந்தில் சென்றுவிடக்கூடிய தூரம்தான். சென்னையைச் சேர்ந்த ஸ்பேஸ் ஜோன் இந்தியா என்ற தனியார் நிறுவனம் உருவாக்கிய இது, இந்தியாவின் முதல் மறுபயன்பாட்டு ஹைபிரிட் ராக்கெட் என அறிவிக்கப்பட்டது. நகரும் ஏவுதளத்திலிருந்து 3 கியூப் செயற்கைக்கோள்களையும் 50 பிகோ செயற்கைக்கோள்களையும் சுமந்து சென்றது. மேலே சென்றபின் பாராசூட் மூலம் இறங்கும் வகையில் இது வடிவமைக்கப்பட்டது.

‘ஹைபிரிட்’ என்பதை எளிதாக விளக்கலாம். தீபாவளி ராக்கெட்டில் எரிபொருள், ஆக்சிஜன் தரும் பொருள் இரண்டும் திண்மமாகக் கலந்திருக்கும். பற்றவைத்தால் நிறுத்த முடியாது. ஹைபிரிட் எந்திரத்தில் எரிபொருள் திண்மம். ஆக்சிஜனேற்றி தனிக் கலத்தில் திரவமாகவோ வாயுவாகவோ இருக்கும். வால்வை மூடினால் எரிதல் நின்றுவிடும்.

காணும் முன்: மூன்று சொற்களைத் தெளிவுபடுத்துவோம்

நாளிதழ்ச் செய்தியை வகுப்பில் வாசிக்கும்போது, ஒரே பொருள் தருவதுபோல் தோன்றும் சில சொற்களைப் பிரித்துக் காட்ட வேண்டும்.

1. மேலே செல்வது, சுற்றிவருவது: ரூமி-1 சுற்றுப்பாதையை எட்டாமல் எழுந்து திரும்பும் வகை. புவியைச் சுற்றிவர வேண்டுமெனில் நொடிக்கு ஏறத்தாழ 7.8 கி.மீ. வேகம் தேவை. அந்த வேகத்தில் மயிலாப்பூரிலிருந்து மதுரைக்கு ஒரு நிமிடம்தான் ஆகும். கணக்கை மாணவர்களே செய்து பார்க்கட்டும்.

2. திரும்பி வருவது, மறுபடி பறப்பது: அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் ஃபால்கன்-9 ராக்கெட்டின் முதல் நிலையை 2015 டிசம்பரில் தரையிறக்கியது. ஒருமுறை பறந்து திரும்பிய முதல் நிலையை மீண்டும் ஏவியதோ 2017 மார்ச்சில். இரண்டும் தனித்தனிச் சாதனைகள்.

3. பாராசூட்டும் இறக்கையும்: இஸ்ரோவின் ‘புஷ்பக்’ விமானம்போல் ஓடுபாதையில் இறங்குவது. கர்நாடகத்தின் சித்ரதுர்கா அருகே 2024 மார்ச்சில் இறங்கிய அதே உடற்பகுதியே ஜூன் மாதச் சோதனையிலும் பயன்பட்டது. ‘மறுபயன்பாடு’ என்ற சொல்லுக்கு இது நேரான சான்று.

மறுபயன்பாடு ஏன்? ஒரு கணக்கு

தியாகராய நகரிலிருந்து திருவான்மியூர் வரும் பேருந்தை ஒரே நடையோடு கடலில் தள்ளிவிட்டால் டிக்கெட் விலை என்ன ஆகும்? இந்தக் கேள்வியோடு தொடங்கி, கற்பனை எண்களைக் கரும்பலகையில் எழுதுவோம். வாகனம் ரூ.100, ஒரு நடைக்கான எரிபொருள் ரூ.2, ஒவ்வொரு மறுபயணத்துக்கும் முன் பழுதுபார்க்க ரூ.10.

ஒருமுறை மட்டும் பறந்தால் செலவு ரூ.102. ஐந்து முறை பறந்தால் 100 + (5×2) + (4×10) = 150; ஒரு பயணத்துக்கு ரூ.30. இனிப் பழுதுபார்க்கும் செலவை ரூ.100 ஆக்குங்கள். மொத்தம் ரூ.510, ஒரு பயணத்துக்கு மீண்டும் ரூ.102! திரும்பி வந்தால் மட்டும் போதாது, குறைந்த செலவில் தயாராகவும் வேண்டும் என்பதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள்.

காணும்போது: ஏவுதல் நின்றுவிட்டால்?

நேரலையில் மிக முக்கியமான கற்றல் தருணம் இதுவே. எண்ணிக்கை நின்றதும், “புஸ்வாணம் சார்!” என்று யாராவது சிரிப்பார்கள். அப்போது திரையை அணைத்துவிடக் கூடாது.

அடையாறு பக்கத்திலுள்ள சென்னை ஐஐடியில் வளர்ந்த அக்னிகுல் காஸ்மோஸ் நிறுவனத்தின் கதையைச் சொல்வோம். அதன் ‘அக்னிபாண்’ சோதனை ராக்கெட் 2024இல் பலமுறை தள்ளிவைக்கப்பட்டது. மே 28 அன்று சில விநாடிகள் இருக்கும்போது நிறுத்தப்பட்டது. மே 30 காலை ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த ஏவுதளத்திலிருந்து வெற்றிகரமாக எழுந்தது. முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக உருவான எந்திரம் அதை இயக்கியது. மே 28 அன்று நிறுத்தியதால்தான் மே 30 அன்று ஏவ ராக்கெட் மிஞ்சியது.

‘நிறுத்தம்’, ‘தோல்வி’ இரண்டையும் பிரித்தறிவது அறிவியலுக்கு மட்டும் உரியதல்ல. திருத்திய விடைத்தாளைக் கையில் வாங்கவே தயங்கும் பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். எங்கே நின்றது, எதைச் சரிபார்த்தார்கள், எப்போது மீண்டும் முயன்றார்கள் என்ற மூன்று கேள்விகளை ராக்கெட்டுக்குக் கேட்டுப் பழகியவர்கள், தங்கள் விடைத்தாளுக்கும் கேட்பார்கள்.

கண்டபின்: செயல்பாடுகள்

தொடக்க வகுப்பு: நூலில் உறிஞ்சுகுழல் கோத்து, ஊதிய பலூனை அதில் ஒட்டி விடுதல். காற்று எந்தப் பக்கம், பலூன் எந்தப் பக்கம் என்று சொல்லச் செய்தல்.

6–8 வகுப்புகள்: பிளாஸ்டிக் தாள், நான்கு நூல், களிமண் உருண்டை கொண்டு பாராசூட். தாளின் அளவை மாற்றி, முதல் மாடியிலிருந்து ஆசிரியர் போட, இறங்கும் நேரத்தை மாணவர்கள் மூன்று முறை அளந்து சராசரி காணுதல்.

9–10 வகுப்புகள்: வானம் தெளிவாக உள்ள நாளில் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதலின் புகைத்தடம் பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்தே தெரியும். தூரம் சுமார் 80 கி.மீ., ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீ. எனில், ஒலி வந்துசேர எவ்வளவு நேரமாகும்? (ஏறத்தாழ 4 நிமிடம்.) பின் ஏன் நம் காதில் விழுவதில்லை என விவாதித்தல்.

மதிப்பீடு

“இந்த ராக்கெட் மறுபயன்பாட்டுக்கு உரியது” என்ற செய்தியை நம்ப என்னென்ன சான்றுகள் வேண்டும்? ஐந்து வரிகளில் எழுதச் சொல்லுங்கள். திரும்பக் கிடைத்ததா, எந்த நிலையில் கிடைத்தது, மீண்டும் பறந்ததா, செலவு குறைந்ததா எனக் கேட்டிருந்தால் கற்றல் விளைவு எட்டப்பட்டது. கேட்காதவர்களுக்குப் பேருந்துக் கணக்கை வேறு எண்களோடு மறுபடி தரலாம்.