மலையிறக்கத்தில் கியரின் துணை

அலோர் காஜா, ஜாசின் வட்டாரச் சமவெளிச் சாலைகளில் ஓட்டிப் பழகியோர், பள்ளி விடுமுறையில் குடும்பத்துடன் கெந்திங் மலைக்குச் செல்வதுண்டு. இறக்கத்தில் தாழ்ந்த கியரில் ஓட்டினால் இயந்திரம் கெடுமெனச் சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் வேண்டுவதில்லை.

எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்ததும் சக்கரங்களே இயந்திரத்தைச் சுழற்றுகின்றன. அச்சுமையால் வேகம் தணிகிறது. சுழற்சி அளவு மீறாதவரை, இதனை வழக்கமாகச் செய்யினும் தீங்கில்லை. மிகுவேகத்தில் திடீரெனக் கியரைத் தாழ்த்துவதே கிளட்சையும் இயந்திரத்தையும் தாக்கும். ஆதலால் இறக்கம் தொடங்குமுன்னரே வேகத்தைக் குறைத்துக் கியரை மாற்றுக.

பிரேக்கையே ஓயாது மிதித்தால், அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். 2013 ஆகஸ்டு 21இல் கெந்திங் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து 37 பேர் மாண்டதை மறத்தலாகாது. தேய்ந்த கிளட்சை மாற்றலாம். போன உயிரை மீட்க இயலுமோ?