மலையை வெட்டினால் மைதானம் நீளாது

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் கொடைக்கானல் பக்கம் பள்ளங்கி. அப்பா காலத்திலிருந்தே ஊரில் ஃபுட்பால் டீம் இருக்கிறது. கிரவுண்டு என்று நாங்கள் சொல்வது 80 மீட்டர் நீளம், 42 மீட்டர் அகலம் உள்ள ஒரு சமதளம். ஒரு கோடியில் ரோடு, மறு கோடியில் ஓடை. மேல்பக்கம் மலைச்சரிவு. கீழ்ப்பக்கம் கல்கட்டு, அதற்கும் கீழே பூண்டுக்காடு. சித்திரை டோர்னமென்ட்டுக்கு ஆயிரம் பேர் வந்துவிடுகிறார்கள். உட்கார இடமில்லாமல் ரோட்டோரத்திலும் வேன் மேலும் நின்று பார்க்கிறார்கள். இப்போது ஊருக்குள் இரண்டு கட்சி. மேல்பக்கச் சரிவை 15 மீட்டர் வெட்டி அகலப்படுத்தி கேலரி கட்டலாம் என்கிறார்கள் பெரியவர்கள். மூன்று கிலோமீட்டர் கீழே ஒருவர் தருவதாகச் சொல்லும் இரண்டு ஏக்கர் பட்டா நிலத்தில் புது ஸ்டேடியமே கட்டிவிடலாம் என்கிறோம் எங்கள் செட்டுப் பையன்கள். லீக் மேட்ச் ஆடும் அளவுக்கு முழு கிரவுண்டு வேண்டும் என்பது எங்கள் வெகுநாள் கனவு. எது சரி?
– அணியின் செயலாளர், பள்ளங்கி

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, நீளத்தையும் அகலத்தையும் அளந்து எழுதியிருப்பதுதான். பெரும்பாலானவர்கள் “பெரிய கிரவுண்டு சார்” என்று மட்டும் எழுதுவார்கள். நீங்கள் அளந்து எழுதியதால்தான் முதல் பதிலை உடனே சொல்ல முடிகிறது. சரிவை வெட்டாதீர்கள்.

காரணம் உங்கள் எண்களிலேயே இருக்கிறது. கால்பந்து விதிப்படி பெரியவர்கள் ஆடும் பதினொருவர் ஆட்டத்துக்குக் குறைந்தது 90 மீட்டர் நீளம், 45 மீட்டர் அகலம் வேண்டும். உங்களிடம் அகலத்தில் குறைவது 3 மீட்டர். நீளத்தில் குறைவது 10 மீட்டர். மேல்பக்கச் சரிவை 15 மீட்டர் வெட்டினால் கிடைப்பது அகலம் மட்டும். நீளம் அப்படியே 80-ல்தான் நிற்கும், ஏனென்றால் ஒரு பக்கம் ரோட்டை நகர்த்த முடியாது, மறுபக்கம் ஓடையை நகர்த்தக் கூடாது. இத்தனை செலவு செய்த பிறகும் லீக் ஆட்டத்துக்கு அந்தக் கிரவுண்டு தேறாது. ஊர்ப் பெரியவர்களிடம் இந்த ஒரு கணக்கைக் காட்டுங்கள். அவர்கள் மனதில் இருப்பது கூட்டம் உட்கார இடம். உங்கள் மனதில் இருப்பது முழு அளவு ஆடுகளம். இரண்டும் வேறு வேறு தேவை, ஒரே வெட்டில் தீராது.

வெட்டும் மண்ணைப் பற்றியும் சொல்கிறேன். நான்கு மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் ஏறும் சரிவு என்று வைத்துக்கொள்வோம், உங்கள் பக்கத்தில் இது சாதாரணம். 15 மீட்டர் உள்ளே போனால் பின்சுவர் 3.75 மீட்டர் உயரம் நிற்கும். 80 மீட்டர் நீளத்துக்கு வெட்டினால் 2,250 கன மீட்டர் மண். கொத்தனார் கணக்கில் ஏறக்குறைய 800 யூனிட். டிப்பருக்கு மூன்று யூனிட் என்றாலும் 265 லோடு. வெட்டிய மண் உப்பும், அதனால் லோடு இன்னும் கூடும். இத்தனை மண்ணை எங்கே கொட்டுவீர்கள்? மலையில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஓடை. ஓடையில் கொட்டிய மண் அடுத்த ஐப்பசியில் கீழே இருக்கும் பூண்டுக்காட்டுக்குள் இறங்கும். அந்தக் காடும் உங்கள் ஊர்க்காரர் ஒருவருடையதுதானே.

பல வருடங்களுக்கு முன் மலைப்பகுதிப் பள்ளி ஒன்றில் மைதான வேலை பார்த்தேன். மேல்பக்கம் வெட்டி அந்த மண்ணையே கீழ்ப்பக்கம் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். ஒவ்வொரு அடி கனத்துக்கும் தண்ணீர் விட்டு உருளை ஓட்டி இறுக்க வேண்டும் என்று சொன்னேன். திறப்பு விழாத் தேதி நெருங்கிவிட்டது என்று மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் உருட்டினார்கள். நானும் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். பார்க்கப் பலகை போல இருந்தது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிய இரண்டாவது வாரம் போய்ப் பார்த்தேன். கார்னர் கொடியிலிருந்து பெனால்டி கட்டம் வரை ஒரு விரிசல், என் கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. கீழ்ப்பக்க கோல் கம்பம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பிள்ளைகள் அதற்குள் விழாமல் இருக்க யாரோ ஒரு வாட்ச்மேன் சுற்றிலும் சவுக்குக் குச்சி நட்டுச் சணல் கயிறு கட்டியிருந்தார். அந்தக் கயிறு இன்றும் என் கண்ணில் நிற்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் மலைமேல் ஏறியபோது கொடைக்கானல் சாலைகளில் மண் சரிந்ததை நீங்கள் நேரிலேயே பார்த்திருப்பீர்கள். வெட்டிய மலை மழையை மறக்காது.

சரி, புது இடம்? உங்கள் ஆசையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இரண்டு ஏக்கர் என்பது பத்திரத்தில் இருக்கும் அளவு. ஆட உதவுவது அதில் எவ்வளவு சமதளம் என்பது. முழு அளவு ஆடுகளமான 105-க்கு 68 மீட்டர், 7,140 சதுர மீட்டர் பிடிக்கும். இரண்டு ஏக்கர் 8,094 சதுர மீட்டர். கோட்டுக்கு வெளியே ஓடும் இடத்தை விட்டால் மிச்சம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. கேலரிக்கும் வண்டி நிறுத்தவும் இடம் எங்கே? அதுவும் நிலம் நல்ல நீள்சதுரமாக இருந்தால். மலையில் எந்தப் பட்டா நீள்சதுரமாக இருக்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போங்கள். கொத்தனாரிடம் டியூப் லெவல் வாங்கிக்கொள்ளுங்கள், அந்தத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாய் போதும். கீழ் அடுக்கிலிருந்து மேல் அடுக்கு வரை ஒவ்வொரு கல்கட்டின் உயரத்தையும் அளந்து கூட்டுங்கள். அதே நான்குக்கு ஒன்று சரிவாக இருந்தால், ஆடுகள அகலத்தை 64 மீட்டராகக் குறைத்துக்கொண்டாலும் மேலும் கீழும் 16 மீட்டர் வித்தியாசம் வரும். நடுவில் மட்டம் பிடித்தால் மேலே 8 மீட்டர் வெட்டு, கீழே 8 மீட்டர் நிரப்பு. எட்டு மீட்டர் என்பது இரண்டரை மாடி உயரம். அந்த உயரத்துக்குத் தடுப்புச் சுவர் கட்டும் பணத்தில் உங்கள் அணி இருபது வருடம் பூட்ஸும் பயணச் செலவும் பார்க்கலாம். இவ்வளவுக்கும் அது பூண்டு விளையும் மண்ணாகவும் இருக்கலாம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு விளைகிற அடுக்குகளை இடிப்பதற்கு முன் ஒரு முறைக்குப் பத்து முறை யோசிக்க வேண்டும்.

விரிவாக்கமா, புதிதா என்று உலகம் முழுக்க கிளப்புகள் திணறியிருக்கின்றன. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஒரே பூங்காவின் இரு பக்கமும் இரண்டு கிளப்புகள் இருந்தன. லிவர்பூல் கிளப் பூங்காவுக்குள் புது ஸ்டேடியம் கட்டப் பல வருடம் திட்டம் போட்டு, 2012-ல் அதைக் கைவிட்டது. பழைய ஆன்ஃபீல்டிலேயே 2016-ல் ஒரு மாடத்தையும் அடுத்த சில வருடங்களில் இன்னொன்றையும் உயர்த்தி, இன்று 61,000 பேர் உட்காருகிறார்கள். எதிர்ப்பக்கத்து எவர்ட்டன் 1892 முதல் ஆடிய கூடிசன் பார்க்கில் விரிக்க இடமே இல்லை. சுற்றிலும் வீடுகள், ஒரு மூலையில் தேவாலயம். இருபது வருடத்துக்கு மேல் இடம் தேடி அலைந்து, 2025-ல் துறைமுகக் கரையில் புது அரங்குக்குப் போனார்கள். இரண்டு முடிவும் தவறில்லை. எல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதே இருவருக்கும் முடிவைச் சொன்னது. ஆனால் ஆன்ஃபீல்டு விரிவதற்காக வாங்கிப் பூட்டிய வீடுகளால் சுற்றுத் தெருக்கள் பல வருடம் பாழாய்க் கிடந்தன. அந்தத் தெருவில் குடியிருந்தவர்களுக்கும் அது சொந்த கிளப்தான். உங்கள் பூண்டுக்காட்டுக்காரரை நான் அடிக்கடி இழுப்பது அதனால்தான்.

பெரிதாக இருந்தால் நன்றாக இருக்கும் என்பதும் உண்மையில்லை. இத்தாலியின் யுவென்டஸ், ஓட்டப்பந்தயத் தடத்தோடு 1990-ல் கட்டப்பட்ட 67,000-க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட அரங்கை இடித்துவிட்டு, அதே இடத்தில் 2011-ல் 41,000 பேருக்கு மட்டும் கட்டியது. தடம் இருந்தால் பார்வையாளர் ஆட்டத்திலிருந்து விலகிப்போகிறார். சென்னை நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்சி ஆட்டம் பார்த்தவர்களுக்கு இது தெரியும். உங்கள் ஊரில் டச் லைனுக்கு இரண்டடியில் நின்று பார்க்கும் பாக்கியம் இருக்கிறது, அதை இழக்காதீர்கள்.

அனுமதி விஷயத்தில் சென்னை சேப்பாக்கம் கிரிக்கெட் அரங்கை நினைவில் வையுங்கள். 2011 உலகக் கோப்பைக்காக எழுப்பிய ஐ, ஜே, கே மாடங்கள், 12,000 இருக்கைகள், திட்ட அனுமதிச் சிக்கலில் பல வருடம் பூட்டிக் கிடந்தன. பெரிய சங்கத்துக்கே அந்த நிலை. உங்கள் பக்கம் இன்னும் கடுமை. ஹாகா என்று சொல்கிறோமே, 1990 முதல் இருக்கும் மலைப்பகுதிப் பாதுகாப்பு அமைப்பு, அதன் பட்டியலில் உங்கள் கிராமம் வருகிறதா என்று பாருங்கள். மரம் ஒன்றை வெட்டினாலும் 1955-ம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் வரும். ஜேசிபியும் பொக்லைனும் கொடைக்கானலில் அனுமதியில்லாமல் இறக்க முடியாது. இதற்கெல்லாம் முன்னால் விஏஓவிடம் போய், இப்போதைய கிரவுண்டு ஆவணத்தில் என்ன வகை நிலம் என்று கேளுங்கள். மேய்ச்சல் புறம்போக்கு என்று வந்தால் அதில் ஒரு கல் வைப்பதும் சிக்கல். இத்தனை காலம் ஆடியதால் அது உங்களுடையது ஆகிவிடாது. ஊராட்சி மூலம் விளையாட்டுத் திடல் என்று வகைப்படுத்தி வாங்குவதுதான் நீங்கள் கட்டப்போகும் முதல் சுவர்.

இனி நான் சொல்லும் வழி.

வெட்ட நினைத்த அந்த 15 மீட்டர் சரிவு ஏற்கெனவே ஒரு கேலரி. நீங்கள் அதன் முன்னால் நின்றுகொண்டே கேலரிக்கு இடம் தேடுகிறீர்கள். 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு வரிசைக் கல் வைத்துக்கொண்டே மேலே போங்கள். அந்தச் சரிவில் ஒவ்வொரு படியும் 1.6 மீட்டர் அகலம் வரும், உட்காரலாம், கால் நீட்டலாம், பின்னால் ஆள் நடக்கலாம். 15 மீட்டரில் ஒன்பது வரிசை. ஆளுக்கு அரை மீட்டர் என்றால் வரிசைக்கு 160 பேர். ஏறி இறங்க நடுநடுவே வழி விட்டாலும் 1,200 பேர் உட்காருவார்கள். உங்கள் சித்திரைக் கூட்டத்துக்கு அது போதும். பூண்டுக்காட்டுக்குக் கல்கட்டு போடும் உங்கள் ஊர்க்காரர்களைவிட இந்த வேலை தெரிந்தவர் யாரும் இல்லை. சிமென்ட் பூசாமல், கல் இடுக்கில் தண்ணீர் கசிய விடுங்கள். மேல் வரிசைக்கு மேலே ஒரு குறுக்கு வாய்க்காலும் கடைசிப் படிக்குக் கீழே ஒரு வாய்க்காலும் வெட்டி, மழைநீரை ஆடுகளத்துக்குள் விடாமல் ஓடைக்குக் கொண்டுபோங்கள். மண்ணைப் பிடிக்கக் கிக்குயூ புல் போதும். காட்டெருமை இரவில் மேய வரும், அதற்கு ஏற்ற மாதிரி படிக்கல்லை ஆழமாகப் பதியுங்கள்.

மூங்கிலில் தற்காலிக கேலரி கட்டி டிக்கெட் போடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2022 மார்ச்சில் மலப்புறம் மாவட்டம் காளிகாவு பக்கம் செவன்ஸ் (எழுவர் கால்பந்து) இறுதியாட்டத்தில் அப்படி ஒரு கேலரி சரிந்து சுமார் இருநூறு பேர் காயப்பட்டார்கள்.

ஆடுகளத்தைப் பொறுத்தவரை, சுற்றிலும் இரண்டு மீட்டர் விட்டால் 76-க்கு 38 கிடைக்கும். செவன்ஸுக்கு அருமையான அளவு. சிறுவர் ஆட்டங்களில் அளவைக் குறைத்துக்கொள்ள விதியே இடம் தருகிறது. சுவிட்சர்லாந்தில் க்ஸ்போன் என்றொரு மலைக் கிராமம். சுமார் 2,000 மீட்டர் உயரம், ஏறக்குறைய உங்கள் மலை உயரம். கேபிள் காரில்தான் போக வேண்டும். மலையில் கிடைத்த தட்டையான இடம் முழு அளவுக்குப் போதாததால், கிடைத்த அளவிலேயே களம் போட்டு, பந்து பள்ளத்தில் உருளாமல் வலை கட்டி ஆடுகிறார்கள். 2008-ல் மலைக் கிராம அணிகளுக்கான ஐரோப்பியப் போட்டியையே அங்கே நடத்தினார்கள்.

முழு அளவு கனவை விடச் சொல்லவில்லை. அதைப் பள்ளங்கி மட்டும் சுமக்க வேண்டாம் என்கிறேன். தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்பது அரசின் திட்டம். உங்கள் தொகுதியில் கீழே பழனியும் மேலே கொடைக்கானலும் இரண்டும் உண்டு, குளிரில் ஆடும் மலைப் பிள்ளைகளுக்கு மேலே ஒரு முழு ஆடுகளம் வேண்டும் என்று வில்பட்டி, அட்டுவம்பட்டி அணிகளோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டு மனுக் கொடுங்கள். லீக் ஆட்டத்துக்கு அங்கே போகலாம். பயிற்சியும் சித்திரைத் திருநாளும் உங்கள் ஓடைக்கரையிலேயே நடக்கட்டும்.

நிலம் தர முன்வந்தவரை வெறுங்கையோடு அனுப்பிவிடாதீர்கள். அவரிடம், படிக்கட்டுக்குக் கல் வாங்கித் தர முடியுமா என்று கேளுங்கள். முதல் வரிசையில் அவர் உட்காரட்டும்.

வேலை தொடங்குவதற்கு முன், நல்ல மழை பெய்யும் ஒரு நாளில் குடையோடு அந்தச் சரிவில் ஏறி, தண்ணீர் எந்தெந்த இடத்தில் இறங்குகிறது என்று குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். அந்த இடங்களையும், டியூப் லெவலில் அந்தச் சரிவை அளந்தால் வரும் உயரத்தையும் ஒரு தாளில் வரைந்து எனக்கு அனுப்புங்கள். எந்த வரிசையில் எத்தனை கல், வாய்க்கால் எந்தப் பக்கம் என்று குறித்து அனுப்புகிறேன்.