வைஃபை கமரா ரெக்கோடரில் படம் காட்டவில்லை: விற்றவர் பொறுப்பாளியா?

கேள்வி: பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் சில்லறைக் கடை நடத்தும் ஒருவர், பதுளை நகரில் நான்கு வைஃபை கமராக்கள் வாங்கினார். அவற்றின் படம் கைத்தொலைபேசியில் தெரிகிறது. கடையில் முன்பே இருந்த ரெக்கோடரில் வரவில்லை. விற்றவர், கமராவில் பிழையில்லை, விற்ற பொருளைத் திருப்பி எடுப்பதும் இல்லை என்கிறார். சட்டத்தில் இதற்குப் பரிகாரம் உண்டா?

பதில்: கம்பியில்லாக் கமராவின் படம் ரெக்கோடரில் வராததற்குக் காரணம் கமராவில் இருக்கலாம், ரெக்கோடரில் இருக்கலாம், இரண்டையும் இணைத்தவரின் வேலையில் இருக்கலாம், கட்டடத்தின் சுவரிலும் மின்சாரத்திலும்கூட இருக்கலாம். யார் பொறுப்பு என்பதை முடிவு செய்வது இந்தக் காரணம்தான். பிழை எங்கே என்று தெரியாமல் எழுதப்படும் முறைப்பாடு விசாரணையில் நிற்காது. விற்றவர் பழியை ரெக்கோடர் மேல் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஆகவே முதலில் சோதனை, பிறகு சட்டம்.

கைத்தொலைபேசியில் படம் தெரிகிறது என்றால் கமராவுக்கு மின்சாரம் போகிறது, கண்ணாடியும் வைஃபையும் வேலை செய்கின்றன. சிக்கல் கமராவுக்கும் ரெக்கோடருக்கும் இடையில்தான். ரெக்கோடரின் பின்புறத்தைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். கமராவுக்கு ஒவ்வொன்றாக வட்டமான கேபிள் துளைகள் வரிசையாக இருந்தால் அது டீ.வி.ஆர். எனப்படும் பழைய வகை. வலைப்பின்னல் கமராவையும் ஏற்கும் கலப்பு வகையாக இல்லாவிட்டால் அதில் வைஃபை கமரா எந்த நாளும் தெரியாது. எந்த அமைப்பை மாற்றினாலும் பயனில்லை. வலைப்பின்னல் கமராக்களுக்கான என்.வி.ஆர். வகையாக இருந்தால் அதைக் கமரா இணைந்துள்ள அதே ரவுட்டரில் லேன் கேபிளால் இணைத்திருக்க வேண்டும். கமரா, ரெக்கோடர் இரண்டின் வலைப்பின்னல் முகவரிகளும் ஒரே தொகுதியில் இருப்பதும் அவசியம். ரெக்கோடர் 192.168.1 என்று தொடங்கும் முகவரியிலும் கமரா 192.168.0 என்று தொடங்கும் முகவரியிலும் இருந்தால், வழக்கமான வீட்டு அமைப்பில் ஒன்றையொன்று காணாது.

முகவரி சரியாக இருந்தும் படம் வராவிட்டால் ஒன்விஃப் என்ற பொது மொழியைப் பார்க்க வேண்டும். வெவ்வேறு நிறுவனங்களின் கமராவும் ரெக்கோடரும் பேசிக்கொள்வது பெரும்பாலும் இதன் வழியாகத்தான். பல கமராக்களில் இது அணைந்த நிலையிலேயே வரும். செயலியில் போய்த் திறந்து, தனியாகக் கடவுச்சொல் வைக்க வேண்டியிருக்கும். பற்றரியில் ஓடும் கமராக்கள் பலவற்றில் இந்த வசதியே கிடையாது. அவை நிறுவனத்தின் இணையச் சேவைக்கு மட்டுமே படம் அனுப்பும். கமரா படத்தை எச்.265 என்ற சுருக்க முறையில் அனுப்ப, பழைய ரெக்கோடர் எச்.264 மட்டுமே அறிந்திருந்தால் பெயர் பட்டியலில் வரும், திரை கறுப்பாகவே நிற்கும். கமராவில் எச்.264-க்கு மாற்ற இடமிருந்தால் ஐந்து நிமிட வேலை.

பகலில் தெரிந்து இரவில் மறையும் கமராவின் கதை வேறு. இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும். அப்போது மின்னோட்டம் கூடுதலாகத் தேவைப்படும். நீளமான மெல்லிய வயரில் 12 வோல்ட் குறைந்து போனால் கமரா அணைந்து அணைந்து எழும். தோட்டப்பகுதிக் கட்டடங்களில் கருங்கல் சுவரும் தகரமும் அலையை நன்றாகவே மறிக்கும். இதை அறிய எளிய வழி ஒன்று: ரெக்கோடர், ரவுட்டர், ஒரு கமரா மூன்றையும் ஒரே மேசையில் வைத்து இணைப்பது. மேசையில் படம் வந்து கூரைக்குக் கீழ் வராவிட்டால் பிழை தூரத்திலோ சுவரிலோ மின்சாரத்திலோ உள்ளது. மேசையிலும் வராவிட்டால் பொருளிலோ பொருத்தத்திலோ அமைப்பிலோ உள்ளது. இந்தச் சோதனையைத் திரையில் தோன்றும் பிழைச் செய்தியோடும் திகதியோடும் கைத்தொலைபேசியில் படம்பிடித்து வைப்பது, பின்னர் பத்துப் பக்க வாதத்தைவிடப் பெறுமதியான சாட்சியம்.

இனிச் சட்டம். இலங்கையில் பொருள் விற்பனையை இன்றும் ஆள்வது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். வாங்குபவர் தமக்கு எந்தத் தேவைக்காகப் பொருள் வேண்டும் என்பதைச் சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், அந்தத் தேவைக்குப் பொருள் ஏற்றதாக இருக்கும் என்ற நிபந்தனை, எழுதாவிட்டாலும், விற்பனைக்குள் அடங்கியிருக்கிறது. பசறைக் கடைக்காரரின் வழக்கு நிற்பதும் விழுவதும் இந்த இடத்தில்தான். தம்மிடம் எந்த ரெக்கோடர் இருக்கிறது என்று விற்றவரிடம் சொன்னாரா? அதன் படத்தைக் காட்டினாரா? காட்டிய பிறகும் இது சரிவரும் என்று விற்றவர் கொடுத்திருந்தால், கமராவில் பிழையில்லை என்ற பதில் அவரைக் காப்பாற்றாது. கமரா நல்லது, ஆனால் சொன்ன தேவைக்கு உதவாதது. மாறாக, குறித்த நிறுவனப் பெயரைச் சொல்லி அந்தக் கமராவே வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தால், தேவைக்கு ஏற்றது என்ற நிபந்தனையை இதே சட்டம் விலக்குகிறது. அப்போதும், பெட்டியில் அச்சிட்ட விவரணத்துக்குப் பொருள் ஒத்திருக்கவே வேண்டும். ஒன்விஃப் உண்டு என்று பெட்டி சொல்லி, உள்ளே அது இல்லாவிட்டால் விற்றவர் பொறுப்பாளிதான்.

பிழை தெரிந்த பிறகும் மௌனமாக மாதக்கணக்கில் கமராக்களைப் பயன்படுத்துவது ஆபத்தானது. நியாயமான காலத்துக்குள் மறுக்காத பொருளை வாங்கியவர் ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கருதும். அதன் பின் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய், நட்டஈடு கேட்கும் உரிமை மட்டும் மிஞ்சும்.

விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்ற வரியைக் கண்டு மலையகத்தில் எத்தனையோ பேர் வாய் திறக்காமல் திரும்பிவிடுகிறார்கள். அது தேவையில்லாத பயம். உட்கிடையான நிபந்தனைகளை இரு தரப்பும் உடன்பட்டு விலக்கிக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் பணம் கட்டி முடிந்த பின் கைக்கு வரும் பற்றுச்சீட்டின் அடியில் உள்ள ஒரு வரியை உடன்பாடு என்று வாதிடுவது மிகக் கடினம்.

சாதாரண மக்களுக்கு அதிகம் உதவுவது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருள் பற்றிய முறைப்பாட்டை 13ஆம் பிரிவின் கீழ் அதிகார சபை விசாரிக்கலாம். விற்றவருக்கும் பேச இடம் கொடுக்கப்படும். முறைப்பாடு நிரூபணமானால் நட்டஈடு, மாற்றுப் பொருள், பணத்தைத் திருப்பித் தருதல் ஆகியவற்றில் ஒன்றைக் கட்டளையிடலாம். கட்டளையை மீறுவது குற்றம். பாவிப்பவர் எவரும் பாவனையாளரே என்பதால், கமரா வீட்டுக்கல்ல, கடைக்கு வாங்கப்பட்டது என்பது தடையாகாது. நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையை 30ஆம் பிரிவு தடைசெய்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. கேட்காமல் வருவதே தவறு.

கமராவைப் பொருத்திக் கொடுத்தவர் வேறு ஆளாக, ஊர் வயரிங் பாஸாக இருந்தால், அவர் வேலையும் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும் என்பதே சட்டம். மெல்லிய வயரை இழுத்து விட்டதால் இரவில் படம் மறைந்தால் அந்தப் பிழை விற்றவருடையதல்ல. வானலைக் கருவிகளை விற்கத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும் என்பதையும் வாங்கும்போது மனதில் வைப்பது நல்லது. அலை எட்டவில்லை என்று கமராவை இடம் மாற்றும்போது பக்கத்து லயன் வீட்டு இஸ்தோப்பைப் பார்த்துத் திருப்பிவிடக் கூடாது. ஒரே கூரையின் கீழ் கதவுகள் வரிசையாக இருக்கும் இடத்தில் அது தனியுரிமை வழக்குக்கு வழிவகுக்கும்.

முறைப்பாட்டுக்கு முன் விற்றவருக்கு ஒரு கடிதம் பதிவுத் தபாலில் போக வேண்டும். வாங்கிய திகதி, கமராவினதும் ரெக்கோடரினதும் மாதிரி இலக்கங்கள், வாங்கும்போது சொன்ன தேவை, மேசைச் சோதனையின் முடிவு, கேட்கும் பரிகாரம், பதிலுக்கு இரண்டு வார அவகாசம் ஆகியவை அதில் இருந்தால் போதும். பதில் வராவிட்டால் பற்றுச்சீட்டுப் பிரதியோடு பதுளை மாவட்டச் செயலகத்தில், அதாவது கச்சேரியில், அதிகார சபை உத்தியோகத்தர்களிடம் எழுத்து மூலம் முறையிடலாம். 1977 என்ற இலக்கத்தில் விவரம் கேட்கலாம். தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. சிங்களத்தில் எழுதித் தரும்படி யாரும் திருப்பி அனுப்ப முடியாது. சட்டத்தரணி தேவையில்லை.

நீதிமன்றம் போக விரும்பினால், குறித்த பெறுமதிக்கு உட்பட்ட பிணக்குகள் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான மத்தியஸ்த சபைக்கு முதலில் போக வேண்டும். வாய்மொழி ஒப்பந்தத்தின் மீது வழக்கிட 3 ஆண்டுகள் உண்டு, எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டுகள். அதிகார சபைக்கு அப்படியல்ல: விற்பனைத் திகதியிலிருந்து 3 மாதத்துக்குள் முறைப்பாடு எழுத்தில் சேர வேண்டும். நாளைக்கு வருகிறேன், அடுத்த வாரம் பார்க்கிறேன் என்று விற்றவர் சொல்லும் நாட்களும் அந்த 3 மாதத்துக்குள்தான் கழிகின்றன. ஆகவே பசறை வாசகர் பற்றுச்சீட்டை எடுத்துத் திகதியைப் பார்த்து, இந்த வாரமே கடிதத்தைப் பதிவுத் தபாலில் சேர்க்க வேண்டும்.