கல்லீரல் நோயால் வரும் மனக் குழப்பம்: சிகிச்சை உண்டு

கல்லீரல் இறுக்க நோய் உள்ள ஒருவர் பகலில் தூங்கி வழிந்து, இரவில் விழித்திருக்கலாம். கையெழுத்து கோணலாகலாம். கை நடுங்கலாம். பழகிய வழியிலேயே தடுமாறலாம், காரணமின்றி எரிந்து விழலாம். “வயதாகிவிட்டது, மறதி” என்று விட்டுவிடாதீர்கள். இது கல்லீரல் நோயின் விளைவாக இருக்கலாம். அப்படியானால், முதுமை மறதி நோயைப் போலன்றி, இதைச் சிகிச்சையால் பெரும்பாலும் தணிக்க முடியும்.

குடலில் உணவு செரிக்கும்போது அம்மோனியா போன்ற நச்சுப்பொருள்கள் உண்டாகின்றன. இறுகிப்போன கல்லீரலால் அவற்றை நீக்க முடியாதபோது, அவை இரத்தத்தின் வழியாக மூளையைச் சென்றடைகின்றன.

என்ன சிகிச்சை?

குழப்பத்தைத் தூண்டியது எது என்பதை மருத்துவர் முதலில் பார்ப்பார். மலச்சிக்கல், கிருமித்தொற்று, வயிற்றில் இரத்தக்கசிவு, நீர்ச்சத்துக் குறைவு, தூக்க மாத்திரை ஆகியவை வழக்கமான காரணங்கள். அதைச் சரிசெய்தாலே பலர் தெளிவடைகிறார்கள்.

முக்கிய மருந்து லாக்டுலோஸ் எனும் இனிப்புப் பாகு. மலச்சிக்கலுக்கும் இதையே கொடுப்பதால், “எனக்குத்தான் மலச்சிக்கல் இல்லையே” என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள். உங்களுக்கு இது அம்மோனியாவை வெளியேற்றும் மருந்து. ஒரு நாளில் இரண்டு அல்லது மூன்று முறை மலம் இளக்கமாகப் போக வேண்டும். அதற்கேற்ப அளவைக் கூட்டிக் குறைப்பது எப்படி என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீராகப் பலமுறை போனாலும் ஆபத்துதான். உடல் வறண்டு குழப்பம் கூடும்.

கோயிலுக்கோ திருமணத்துக்கோ போகும் நாளில் கழிவறையை நினைத்து மருந்தைத் தவிர்ப்பவர்கள் உண்டு. தவிர்க்காதீர்கள். நேரத்தை மாற்றிக் குடிக்கலாமா என்று மருந்தாளரிடம் கேளுங்கள். பாகு திகட்டினால் தண்ணீரில் கலக்கலாம். நீரிழிவு இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

குழப்பம் திரும்ப வந்தால், ரிஃபாக்சிமின் மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கப்படலாம். இது பெரும்பாலும் குடலுக்குள்ளேயே வேலை செய்யும் கிருமிக்கொல்லி. கல்லீரல் மிகவும் பழுதடைந்திருந்தால், சிலருக்கு மாற்று அறுவை சிகிச்சை பற்றி மருத்துவர் பேசுவார்.

என்ன சாப்பிடலாம்?

புரதத்தை நிறுத்த வேண்டும் என்பது பழைய எண்ணம். புரதம் குறைந்தால் தசை கரையும். அம்மோனியாவை நீக்குவதில் தசைக்கும் பங்கு உண்டு. பருப்பு, தயிர், டோஃபு ஆகியவை நல்லவை. மீன், முட்டையையும் நீங்களாக ஒதுக்க வேண்டாம். நீண்ட நேரம் பட்டினி கிடக்காதீர்கள்; விரதம் இருக்கும் வழக்கம் இருந்தால் மருத்துவரிடம் கலந்து பேசுங்கள். படுக்கப் போகுமுன் சிறிது சிற்றுண்டி சாப்பிடுவது நல்லது. மது வேண்டாம். நாட்டு மருந்தோ தூக்க மாத்திரையோ கேட்காமல் எடுக்க வேண்டாம். குழப்பம் வந்துபோன பிறகு, மருத்துவர் சொல்லும்வரை வாகனம் ஓட்டாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

மாற்றத்தை நோயாளி தாமே உணர்வது அரிது. உங்கள் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும். எழுப்பினாலும் விழிக்காவிட்டால், திடீரென்று குழப்பம் அதிகரித்தால், இரத்த வாந்தி எடுத்தால் அல்லது மலம் கறுப்பாகப் போனால் உடனே 995 எண்ணை அழையுங்கள். மயக்கத்தில் இருப்பவருக்கு வாய்வழியாக எதையும், லாக்டுலோஸைக்கூட, புகட்டாதீர்கள். அவர் சாப்பிடும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.