கம்மிக் காசில் கேம் கம்ப்யூட்டர்: பாகங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

(கணினிப் பகுதி)



"வீட்டிலேயே கேம் கம்ப்யூட்டர் பூட்டலாமா? என்னென்ன வாங்கணும்?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். பூட்டுவது சுலபம், ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். தேர்ந்தெடுப்பதுதான் கஷ்டம். நம்ம வீட்டில் இதற்குப் பணம் ஒரு தடவைதான் கிடைக்கும். தப்பான பாகத்தை வாங்கிவிட்டால் அடுத்த வாய்ப்பு எப்போ வருமோ! அதனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1. முதல் பாடம்: 16.7 மில்லி செகண்ட்

கேம் என்பது வேகமாக மாறும் படங்கள்தான். ஒரு படத்துக்கு 'ஃப்ரேம்' என்று பெயர். ஒரு செகண்டுக்கு 60 ஃப்ரேம் வந்தால் ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடும். அப்படியென்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் நேரம் 1000 ÷ 60 = 16.7 மில்லி செகண்ட்.

இதில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். யார் எங்கே நிற்கிறார், குண்டு எங்கே பாய்கிறது என்று கணக்குப் போடுவது பிராசஸர். அதைப் படமாக வரைவது கிராபிக்ஸ். பிராசஸர் 10 மில்லி செகண்டில் முடித்து, கிராபிக்ஸ் 25 எடுத்துக்கொண்டால் என்ன கிடைக்கும்? 1000 ÷ 25 = 40 ஃப்ரேம்தான். இந்த நிலையில் இன்னும் விலை கூடின பிராசஸர் போட்டாலும் அதே 40தான்!

ஞாபகம் வைங்க: மெதுவான பாகம்தான் வேகத்தைத் தீர்மானிக்கும். காசை அங்கேதான் போடணும்.

2. நூறு ரூபாயைப் பிரிப்பது

மானிட்டர், கீபோர்டு தவிர, பெட்டிக்கு மட்டும் ஒரு தோராயக் கணக்கு:

கிராபிக்ஸ் கார்டு – 35
பிராசஸர் – 18
மதர்போர்டு – 14
ராம் – 12
எஸ்.எஸ்.டி – 8
எஸ்.எம்.பி.எஸ் – 8
கேபினட் – 5

இது கல்வெட்டு இல்லை. 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதால் ராம் விலை எகிறியது. அந்த மாதிரி சமயத்தில் பங்கு மாறத்தான் செய்யும். ஆனால் ராமுக்குக் கூடுதலாகத் தேவைப்படும் காசை எஸ்.எம்.பி.எஸ் பங்கிலிருந்து எடுக்காதீங்க. ஏன் என்பதை 5-ஆம் பாடத்தில் பார்ப்போம்.

3. ஜோடி சேருமா?

நல்ல பாகமாக இருந்தாலும் ஜோடி சேராவிட்டால் வீண்.

• பிராசஸரும் மதர்போர்டும் ஒரே சாக்கெட்டாக இருக்கணும். ஏ.எம்.டி ரைசன் 5 5600ஜி, ஏ.எம்.4 போர்டில் மட்டும்தான் உட்காரும்.
• டி.டி.ஆர்4 ராம், டி.டி.ஆர்5 ஸ்லாட்டில் நுழையாது. நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். அமுக்கி நுழைக்கப் பார்த்தால் இரண்டும் போயிரும்!
• பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்க. இன்டெல் ஐ3 12100எஃப் மாதிரி 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. 5600ஜி-யில் உள்ள 'ஜி' என்றால் கிராபிக்ஸ் உள்ளேயே உண்டு.

4. இரண்டு தவணையில் வாங்குவது

நம்ம ஊரில் காசு ஒரே மாதிரி வராது. விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். உப்பளத்துக்கு மழைக்காலத்தில் வேலை இல்லை. அதனால் 'மாசம் ஒரு பாகம்' என்று வாங்கத் தோணும். வேண்டாம்! பில் போட்ட நாளிலிருந்தே வாரண்டி ஓட ஆரம்பிக்கும். மற்ற பாகங்கள் இல்லாமல் சோதித்துப் பார்க்கவும் முடியாது. கெட்டுப்போன பாகம் என்று ஆறு மாசம் கழித்துத் தெரிந்தால் கடைக்கார அண்ணாச்சி என்ன செய்வார்?

நல்ல வழி இது. காசைச் சேர்த்து, முதல் தவணையில் கிராபிக்ஸ் கார்டு தவிர மற்ற எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்குங்க. 2021-ல் வந்த 5600ஜி-யில் 6 கோர் உண்டு. அதன் உள் கிராபிக்ஸிலேயே வாலரண்ட், மைன்கிராஃப்ட், ஜி.டி.ஏ. 5 எல்லாம் செட்டிங்கைக் குறைத்து ஆடலாம். பைத்தான் எழுதலாம், புராஜெக்ட் செய்யலாம்.

இதில் ஒரு சூட்சுமம். உள் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி இல்லை. ராமைத்தான் பங்கு கேட்கும். 16 ஜி.பி. ஒரே குச்சியாக வாங்கினால் டி.டி.ஆர்4-3200-ல் செகண்டுக்கு 25.6 ஜி.பி. வழிதான். 8 + 8 என்று இரண்டு குச்சி போட்டால் 51.2 ஜி.பி. கொள்ளளவு ஒன்றுதான், பாதை இரண்டு மடங்கு!

இரண்டாம் தவணையில் கார்டு. ஜி.டி.எக்ஸ் 1650 (2019) எடுப்பது 75 வாட். அதை மதர்போர்டு ஸ்லாட்டே கொடுத்துவிடும். ஆர்.எக்ஸ் 6600 (2021) அதைவிட நல்ல வேகம், ஆனால் 132 வாட் கேட்கும், எஸ்.எம்.பி.எஸ்-ல் 8 பின் வயர் வேணும். எனவே பின்னால் வரப்போகும் கார்டை நினைத்து இன்றைக்கே எஸ்.எம்.பி.எஸ் வாங்கணும்.

5. கரண்டும் கடல் காற்றும்

கேமில் எஸ்.எம்.பி.எஸ் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் எல்லோரும் அங்கே கை வைக்கிறார்கள். ஆனால் 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கி எல்லாப் பாகத்துக்கும் சோறு போடுவது அதுதான். மட்டமான எஸ்.எம்.பி.எஸ் போகும்போது தனியாகப் போகாது. மதர்போர்டையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகலாம். '80 பிளஸ்' முத்திரை உள்ள, பெயர் தெரிந்த கம்பெனியின் 450 அல்லது 550 வாட் வாங்குங்க.

யு.பி.எஸ்-ல் 600 வி.ஏ. என்று போட்டிருந்தால் அது 600 வாட் இல்லை. பெரும்பாலும் 360 வாட்தான். கேபினட்டைத் தொட்டால் சுர்ர்னு அடிக்கிறதா? எர்த் சரியில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் ஆட்டம்.

அடுத்தது உப்பு. ஊருக்கே சோறு போடும் உப்பு, கம்ப்யூட்டருக்கு எதிரி. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் ஈரத்தை உறிஞ்சிக் கரைந்துவிடும். அந்த உப்புத்தண்ணி கரண்டைக் கடத்தும், பின்களை அரிக்கும். ஆனி ஆடிக் காற்றில் மண்ணும் சேர்ந்துகொள்ளும். அதனால்:

• வலை வைத்த கேபினட் வாங்குங்க. கடல் பக்க ஜன்னலுக்கு நேரே வைக்காதீங்க.
• மாசம் ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூசி தட்டுங்க.
• மேசைமேல் வையுங்க. 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியதை மறக்க முடியுமா!

6. பழைய பாகம் வாங்கலாமா?

அந்தக் காலத்தில் முத்துக்குளிப்பில் எடுத்த சிப்பியைத் திறக்காமலே குவியலாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருந்தால் யோகம், இல்லாவிட்டால் போச்சு. சோதிக்காமல் பழைய கார்டு வாங்குவதும் அதேதான்.

2022 செப்டம்பர் 15-ல் எத்தீரியம் நாணயத்துக்கு கார்டு வைத்துத் தோண்டும் முறை நின்றது. ராப்பகலாக ஓடிய கார்டுகள் செகண்ட்ஹேண்டில் வந்தன. சென்னை ரிச்சி தெருவோ, நம்ம ஊர்க் கடையோ, எங்கே வாங்கினாலும் கேம் ஓடவிட்டு அரைமணி நேரம் பாருங்க. ஜி.பி.யூ-இசட் என்ற இலவச மென்பொருளில் பெயரைச் சரிபாருங்க. பழைய கார்டுக்குப் புதுப் பெயர் போட்டு விற்பதும் உண்டு.

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் மலிவு என்றாலும் ஒன்று கவனிக்கணும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையாவது வேணும். பழைய எஸ்.எம்.பி.எஸ் மட்டும் எந்த விலைக்கும் வேண்டாம்.

கடைக்குப் போகுமுன்: சாக்கெட், ராம் வகை, வாட், வாரண்டி வருஷம் – நாலையும் தாளில் எழுதிக்கொண்டு போங்க. ஜி.எஸ்.டி. பில்லைக் கேட்டு வாங்குங்க.

பயிற்சிக் கேள்வி: ஒரு கம்ப்யூட்டரில் பிராசஸருக்கு 20, கிராபிக்ஸுக்கு 8 மில்லி செகண்ட் ஆகிறது. எத்தனை ஃப்ரேம் கிடைக்கும்? புதுக் கார்டு வாங்கினால் கூடுமா?

(விடை: 50 ஃப்ரேம். கூடாது, மெதுவானது பிராசஸர். கார்டு காசு மிச்சம்!)

சந்தேகம் இருந்தால் இந்தத் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதுங்க. அடுத்த இதழில் பதில் வரும்.

– 11-ஆம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு