கோட்டர் பின்னை அடிப்பதற்கு முன்

கண்ணு, பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி, பிரித்துப் பூட்டி, ஓடவைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாய். நல்ல ஆசைதான். நகக்கண்ணில் ஏறிய கிரீஸ் சோற்றுக்கு உட்காரும்போதும் போகாது. அதைத் தவிர இதில் கெடுதல் எதுவும் இல்லை. கோபிச்செட்டிபாளையத்தில் என் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். மணிக்கணக்கு எழுதும் நோட்டும், காற்றடிக்கும் பம்பும், பஞ்சர் பார்க்கும் தண்ணீர்ச் சட்டியும்தான் என் பள்ளிக்கூடம். அதற்கப்புறம் நாற்பது வண்டிக்கு மேல் ஓடவைத்திருக்கிறேன். ஏழெட்டைக் கெடுத்தும் இருக்கிறேன். கீழே சொல்வதெல்லாம் பெரும்பாலும் அந்த ஏழெட்டு எனக்குக் கற்றுக்கொடுத்தது.

1. காயலான் கடையில் தேடுவதைக் கடைசியில் வைத்துக்கொள். அங்கே வந்து சேர்வதற்குள் வண்டி பாதி செத்திருக்கும். டைனமோ ஒரு பக்கம், சீட்டு ஒரு பக்கம் போயிருக்கும். மாட்டுக் கொட்டகை, நெல் குதிர் இருந்த அறை, மூடிப்போன ரைஸ்மில், ஓய்வுபெற்ற தபால்காரர் வீட்டுத் தாழ்வாரம், இங்கெல்லாம் பார். போனவுடன் “என்ன விலை?” என்று கேட்காதே. நான் ஒருமுறை திண்ணையில் கால் வைக்கும் முன்பே அப்படிக் கேட்டு, கதவு முகத்தில் சாத்தப்பட்டு வந்திருக்கிறேன். ஆறு மாதம் கழித்து அதே வீட்டில், “இது யார் ஓட்டின வண்டிங்க?” என்று கேட்டேன். மோர் வந்தது. ஒரு மணி நேரப் பேச்சும் வந்தது. வண்டி கிடைக்கவில்லை, ஆனால் அது இருக்கும் இன்னொரு வீட்டுக்கு வழி கிடைத்தது.

2. தெரிந்தவன் தெரியாதவரிடம் வாங்கும்போது, விலையை நீதான் நியாயமாகச் சொல்ல வேண்டும். இதை நான் செய்யவில்லை. சத்தியமங்கலம் போகும் வழியில் ஒரு கிராமம். விறகுக்கு நடுவில் சாய்ந்து கிடந்தது ஒரு ஹம்பர். முன் ஃபோர்க்கைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது: ஒவ்வொரு பக்கமும் ஒற்றைக் குழாய்க்குப் பதில் இரட்டைக் குழாய். பல்சக்கரத்தின் நடுவில் கைகோத்த மாதிரி ஐந்து மனித உருவங்கள். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. முகத்தை மட்டும் பழைய இரும்பு பார்க்கிறவன் முகமாக வைத்துக்கொண்டேன். “எடைக்குத்தான் போகும் ஆத்தா” என்றேன். அந்த அம்மா நூற்றைம்பது ரூபாய் கேட்டார். கொடுத்தேன். முந்தானையால் சீட்டைத் துடைத்து, என் கையில் வண்டியை ஒப்படைத்துவிட்டு, “அதிகமாச் சொல்லிப்போட்டேனா சாமி?” என்றார். வீடு வரும்வரை எனக்குச் சந்தோஷம். அப்புறம் இந்த முப்பது வருஷமாக அந்தக் கேள்விதான்.

3. அடையாளங்களைப் படித்துக்கொள்; ஆனால் அவற்றுக்கு அடிமையாகாதே. ராலே வண்டியின் நெற்றியில் நாரை இருக்கும். ரட்ஜ் என்றால் விரித்த கை. பி.எஸ்.ஏ. என்றால் சாத்திவைத்த மூன்று துப்பாக்கிகள். அது துப்பாக்கி செய்த கம்பெனி. ஆனால் நெற்றிப் பட்டயம் இரண்டு சிறு ஆணியில் நிற்கிற பொருள். எவரும் எந்த வண்டிக்கும் மாற்றிவிடலாம். ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இருந்தால் அதன் உடம்பில் வருஷம் வெட்டியிருக்கும்; 52 என்றால் 1952. அதுவும் ஹப்பின் பிறந்த வருஷம்தான், வண்டியினுடையது அல்ல. சக்கரம் மாறியிருக்கலாம். எனக்கு ஒரு காலத்தில் சீமை வண்டிப் பித்து இருந்தது. 1949-இல் முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்துக் கம்பெனியும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கி, அம்பத்தூரிலேயே ஹெர்குலிஸ் செய்ய ஆரம்பித்தார்கள். அந்த வண்டிகளை நான் ‘லோக்கல்’ என்று ஒதுக்கினேன். அப்பா அப்போது சொன்னது: “நம்ம கடையில உனக்குச் சோறு போட்டது எல்லாமே அம்பத்தூர் வண்டிதான்.”

4. பெயர் பெறாத வண்டியையும் எடு. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். குழந்தையை முன் பாரில் உட்காரவைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. அந்த வண்டிகளை யாரும் நாரை, துப்பாக்கி என்று பார்த்து வாங்கவில்லை. ஆனால் அப்படி ஒன்று உன் கைக்கு வந்தால் ஹம்பரைவிடக் கவனமாகப் பூட்டு.

5. வாங்குவதற்கு முன் ஃபிரேமைப் பார். துரு மேலோட்டமானால் பயமில்லை. கோட்டம் இருந்தால் விட்டுவிடு. பின் சக்கரம் பூட்டும் இடத்தில் ஒரு நூலைக் கட்டி, முன்கழுத்தைச் சுற்றி, மறுபக்கம் கொண்டுவந்து கட்டு. நடுவில் சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபக்கமும் ஒன்றாக இருக்கவேண்டும். ஐந்து நிமிட வேலை. ‘நமக்குக் கண்ணளவே போதும்’ என்ற திமிரில் இந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்காமல் இரண்டு கோணல் வண்டிகளை வாங்கியவன் நான்.

6. வீட்டுக்கு வந்ததும் ஸ்பேனரை எடுக்காதே. ஒரு வாரம் சும்மா பார். எந்த நட்டு எங்கே, எந்தக் கம்பி எதன் மேலே போகிறது என்று போட்டோ எடுத்துக்கொள். பிரிக்கும்போது ஒவ்வொரு பாகத்துக்கும் தனி டப்பா வை. முன் ஹப் பால்ஸ் சிறியது, பின் ஹப்பிலும், பெடல் அச்சு சுற்றுகிற பிராக்கெட்டிலும் போடுவது பெரியது, கால் அங்குலம். எல்லாவற்றையும் ஒரே மண்ணெண்ணெய்ச் சட்டியில் போட்டுக் கழுவிவிட்டு, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் பொறுக்கிய அனுபவம் எனக்குண்டு. இரண்டு அளவும் கலந்து பூட்டிய அந்தச் சக்கரம் அவல் இடிக்கிற சத்தத்தோடு ஓடியது.

7. இப்போது கோட்டர் பின். பெடல் கட்டையை அச்சோடு பிடித்து நிற்கிற சின்ன ஆப்பு அது. சைக்கிளில் இதைப்போல ஆளின் குணத்தைக் காட்டிக்கொடுக்கிற பொருள் வேறில்லை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. நட்டைக் கழற்றி எறிந்துவிட்டுச் சுத்தியலால் அடித்தேன். வரவில்லை. கோபம் வந்தது. இன்னும் அடித்தேன். மரையிருந்த முனை காளான்போல விரிந்து, பின் வளைந்து, துளைக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. கடைசியில் டிரில் போட்டதில் அச்சும் போயிற்று. அப்பா ஈரத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “ஏன்டா, அது உன்கூடச் சண்டைக்கா வந்துச்சு?”

முறை இதுதான். இரண்டு நாள் மண்ணெண்ணெயோ துரு இளக்கும் எண்ணெயோ விட்டு ஊறவை. நட்டைக் கழற்றாமல், பின்னின் முனைக்குச் சமமாக வரும்வரை மட்டும் தளர்த்து; அடி மரையில் விழாது. கட்டைக்கு அடியில், பின்னின் தலை உள்ளே இறங்க இடம்விட்டு, ஒரு கனத்த இரும்புக் குழாயை நிறுத்தி முட்டுக்கொடு. முட்டு இல்லாவிட்டால் உன் அடியெல்லாம் பால்ஸுக்குத்தான் போகும். அப்புறம் நேராக, தயங்காமல், ஒரே அடி. நூறு சின்ன அடி பின்னைக் கெடுக்கும். அன்று வரவில்லையென்றால் எழுந்து போய்விடு. மறுநாள் காலையில் அது உனக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

8. வலுவைக் காட்டுவதற்கு முன் எந்தப் பக்கம் திருகுவது என்று கேள். இடது பெடலின் மரை எதிர்மரை. பிராக்கெட்டின் வலப்பக்கக் கப்பும் அப்படித்தான். நாட்டிங்ஹாமில் செய்த ராலேயில் பிராக்கெட் மரை அங்குலத்துக்கு 26, மற்றவற்றில் 24. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டு சுற்று இனிமையாக ஏறும், மூன்றாவதில் இறுகும். அங்கேயே நிறுத்து. நான் நிறுத்தவில்லை, நீளமான பைப்பை ஸ்பேனரில் செருகி முறுக்கினேன். இன்றும் அந்த ஃபிரேம் கொடிக் கம்பத்துக்குப் பக்கத்தில் செடி படர நிற்கிறது.

9. பெயின்ட் அடிக்கத் துடிக்காதே. இதுதான் நான் சொல்ல வந்ததில் முக்கியமானது என்று நினைக்கிறேன். ஒரு வாத்தியார் வண்டி எனக்குக் கிடைத்தது, பிலிப்ஸ். கறுப்பு அங்கங்கே உதிர்ந்திருந்தது. நானும் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, ஸ்பிரே அடித்து, தங்கக் கோடும் இழுக்கவைத்தேன். கண்ணாடி மாதிரி ஆயிற்று. வாத்தியாரின் மகள் கேள்விப்பட்டுப் பார்க்க வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். வண்டியைச் சுற்றி வந்தார், முன் பாரில் விரலை ஓட்டினார், மறுபடி ஓட்டினார். “இங்கதாங்க நான் உட்காருவேன். ஒரு சாண் அகலத்துக்குப் பெயின்ட் தேஞ்சு போயிருக்கும்” என்றார். பின் மட்கார்டில் வாத்தியார் தன் கையாலேயே வெள்ளை எழுத்தில் எழுதிய பெயரைத் தேடினார். பஞ்சாயத்து லைசென்ஸ் வில்லை இருந்த இடத்தையும் பார்த்தார். “நல்லாப் புதுசா இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் துடைத்தது துருவை மட்டும் அல்ல, கண்ணு.

அதனால் முதலில் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மெதுவாகத் துடை. பழைய கறுப்பு நீ நினைப்பதைவிட நிறைய மிச்சமிருக்கும். குரோமில் உள்ள துருவுக்கு அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் தொட்டுத் தேய்; பொறுமையாகத் தேய்த்தால் போகும். பித்தளைப் பட்டயத்துக்குக் குத்துவிளக்குக்குப் போடுகிற புளியே போதும், அதிலும் கொஞ்சம். எழுத்தோ வில்லையோ கோடோ உள்ள இடத்தில் உப்புத்தாள் படக்கூடாது.

10. தோல் சீட்டு காய்ந்து கிடந்தால் தேங்காய் எண்ணெயில் குளிப்பாட்டாதே. நான் ஒரு புரூக்ஸைப் பிள்ளைக்குத் தலை வாருகிற அன்போடு தினமும் எண்ணெய் வைத்துத் தொட்டில் மாதிரி தொங்கவிட்டேன். அன்பிலும் அளவு வேண்டும்.

11. கோட்டம் எடுக்கக் கற்றுக்கொள். வேறு யாரிடமும் கொடுக்காதே. முன் சக்கரத்தில் 32 கம்பி, பின்னால் 40. நிப்பிளை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதே. அப்பா என்னை ஒரு மாதம் ஒரே ரிம்மோடு உட்காரவைத்தார். நேர் செய்து காட்டியதும், ஒன்றும் சொல்லாமல் நாலு கம்பியைத் தளர்த்தித் திரும்பக் கொடுப்பார்.

12. உன் ஊரில் மிச்சமிருக்கிற சைக்கிள் கடைக்காரரைக் கண்டுபிடி. பஞ்சர் ஒட்டிக்கொண்டு, பழைய டயர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டே கேள்வி கேட்காதே. ஸ்டூலில் உட்கார், டீ வாங்கிக்கொடு, அவர் கேட்ட கூலியைக் குறைக்காதே. ஓவராயில் பண்ணும்போது கோன் எவ்வளவு இறுக்கலாம் என்பதை அவர் விரல் சொல்லும். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. ஒருவரிடம் நான் இருபது ரூபாய்க்குப் பேரம் பேசினேன். அவர் குறைத்துக்கொண்டார். தன் பழைய பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்த ராலே கப்பை மட்டும், நான் பார்க்கப் பார்க்கத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார்.

13. முடிந்ததும் ஓட்டு. முதல் நாள் ஆளில்லாத ரோட்டில் ஓட்டு. ராடு பிரேக் மழையில் நனைந்த ரிம்மைப் பிடிக்காது என்பதையும் மனதில் வை. அலங்காரத்துக்கு மாடியில் நிறுத்துவதானால் வாங்காதே. பாலோ தபாலோ சுமந்த வண்டி அது. ஒரு தேங்காயாவது வாங்கி வர அதை எடுத்துப் போ.

14. அந்த ஹம்பர் இன்னும் என் வீட்டுத் தாழ்வாரத்தில்தான் இருக்கிறது. பிரிக்கவே இல்லை. நாலு வருஷத்துக்கு முன் பணத்தோடு அந்த ஊருக்குப் போனேன். அந்த அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டதாம். விறகு அடுக்கியிருந்த இடத்தில் வீடு கட்டியிருந்தார்கள். பேரன் ஒருவன் இருக்கிறான், திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. வண்டி ஓடத் தயாரானால் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று போனில் சொன்னான். எனக்கு இப்போது கை நடுங்குகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வா. இன்றே எண்ணெய் விட்டு வைக்கிறேன். முட்டுக் குழாயை நான் பிடித்துக்கொள்கிறேன், நீ அடி. வரும்போது ஈரோட்டில் இறங்கி, புது கோட்டர் பின் இரண்டு வாங்கி வா.